என் பேரில் ஒரு பிள்ளை

சுங்கை சோ,
14.10.1986,
செவ்வாய் இரவு.

மரியாதைக்குரிய சேது அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனி சந்திரிகா வணங்கி எழுதுவது.

அத்தான், இதைப் பிரித்ததும் முதலில் சுற்றிலும் பாருங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஆளில்லாத இடத்துக்குப் போய்ப் படியுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்ட வேண்டாம். அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் நான் எழுதியதாக ஒரு சொல்கூட வந்துவிடக் கூடாது. உறையின் பின்புறம் அனுப்புநர் பெயர் எழுதவில்லை. ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சுகமாக இருக்கிறாள். கால் இரண்டும் வீங்கிவிட்டதால் செருப்பு நுழையவில்லை. நீங்கள் விட்டுப்போன பழைய சிலிப்பரைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். புளிக்குழம்பு இருந்தால் மட்டும் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுகிறாள். பிள்ளை நன்றாக உதைக்கிறது. நேற்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்து, "பாரேன், உங்க அத்தான் மாதிரியே முரண்டு பிடிக்குது" என்று சிரித்தாள். நர்ஸ் அடுத்த மாதம் என்று சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய துணி வந்தது. அக்கா நீலத்தை எடுத்துக்கொண்டு எனக்குப் பச்சையைக் கொடுத்தாள். இங்கே தினமும் மழை. சமையல்கட்டில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருக்கிறோம். இப்போதுகூட அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை.

இந்த வாரம் அக்காவுக்கு நைட் ஷிப்ட். அவள் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேச யாரும் கிடையாது. பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருப்பேன், என் குரலாவது கேட்கட்டும் என்று. நேரமாகியும் லைட் எரிந்தால் அடுத்த பக்கத்திலிருந்து வீட்டுக்கார அம்மா பலகைச் சுவரைத் தட்டி, "கரண்டு என்ன ஆத்துல வருதா?" என்று கேட்பார். அதனால் சாமி விளக்கைக் கீழே இறக்கி வைத்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஃபேக்டரி வேன் வரும். ஓட்டுபவர் செல்லன் அண்ணன். வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்துவிட்டு, "சந்திரிகா! பவுடர் பூசினது போதும் லா, ஏறு!" என்று கத்துவார். ஆரம்பத்தில் நான் உள்ளே இருந்து "ஏன்?" என்று குரல் கொடுத்துவிடுவேன். அக்கா ஓடி வந்து என் வாயைப் பொத்துவாள். ஏனென்றால் செல்லன் அண்ணனுக்கு அக்காதான் சந்திரிகா. பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கும் நான் கங்கா. "என்ன கங்கா, ராத்திரிக்கு பயந்துகிட்டு கெடக்காத, கதவ நல்லா சாத்திக்க" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நல்ல மனிதர்.

அத்தான், உங்களுக்கு ஒன்றும் விளங்காது. உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூருக்குப் போகுமுன் நீங்கள்தான் எங்கள் இருவரையும் ரவாங்கில் உமாபதி அண்ணனிடம் கூட்டிப்போனீர்கள். போட்டோ கடைக்குப் பக்கத்தில் டைப் மிஷினோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். அவர் பயோடேட்டா அடித்துக் கொடுத்தால் வேலை நிச்சயம் என்று எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் கூலியைக் கொடுத்துவிட்டு எதிர்க் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு என்று அக்கா சொன்னாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். தாலியைத்தான் பார்க்கிறாரே. அக்கா தலையை ஆட்டினாள். அவர் டைப் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஃபார்ம் த்ரீ பாஸ் இல்லாட்டி செக்யூரிட்டி கார்டு கேட்டையே தொறக்க மாட்டான்மா. கல்யாணம் ஆனவள அதவிட வேணாம்பான். நாளைக்கே வயித்த தள்ளிக்கிட்டு ரெண்டு மாசம் சம்பளத்தோட லீவு கேப்பியே, அதுக்குத்தான். நீ கங்காவா போனா வேலை இல்ல. வேற ஆளா போனா உண்டு."

அவர் அப்படிச் சொல்லும்போது அக்கா என் மடியைப் பார்த்தாள். போட்டோஸ்டாட் எடுப்பதற்காக என் ஃபார்ம் த்ரீ எஸ்.ஆர்.பி. சான்றிதழைக் கொண்டு வந்திருந்தேன். என் அடையாள அட்டையான ஐ.சி.யும் அதோடு இருந்தது. ஐ.சி.யில் இருப்பது பன்னிரண்டு வயதில் ரெட்டைப் பின்னலோடு எடுத்த படம். அதை விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டு உமாபதி அண்ணன், "அக்கா தங்கச்சி ஒரே அச்சுதான். யாரு உத்துப் பாக்கப் போறா" என்றார். அரை மணி நேரத்தில் ஒரு சந்திரிகா தயாராகிவிட்டாள். வயது பதினேழு, திருமணமாகாதவர், கணக்கிலும் மலாய் மொழியிலும் நல்ல தேர்ச்சி. படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது அத்தான். நான் வாங்கிய மதிப்பெண்களை அவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. தாலியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டுப் போவாள், வந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வாள். நீங்கள் சிங்கப்பூர் போன பிறகுதான் பிள்ளை உண்டாகியிருப்பது தெரிந்தது.

அக்கா நடுங்கிப் போனாள். வேலையை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். "இப்ப ஃபேக்டரி ஃபேக்டரியா ஆள நிறுத்திக்கிட்டு இருக்கான். வெளிய போயிட்டா திரும்ப உள்ள விடுவானா?" என்றாள். மறுபடியும் உமாபதி அண்ணனிடமே ஓடினாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சந்திரிகாவுக்கு கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லு. வேலைக்கு வந்தப்புறம் கட்டிக்கிட்டா அவன் ஒண்ணும் பண்ண முடியாது. லீவு குடுத்துத்தான் ஆகணும், சட்டம் இருக்கு" என்றார். ஆபீசில் நம்புவதற்குக் கல்யாணப் பத்திரிகை ஒன்று போதுமாம். அதையும் அவரே அச்சடித்துக் கொடுத்தார்.

உங்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறார். அதே மாரியம்மன் கோவில், அதே பிள்ளையார் படம். தேதியும் மணப்பெண் பெயரும்தான் வேறு. மிச்சம் ஒன்று அக்காவின் பெட்டியில் கிடக்கிறது. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். இதை எழுதக் கை கூசுகிறது. உங்களிடம் எப்படிச் சொல்வேன் என்று பல நாள் எழுதாமலே இருந்தேன்.

அதைக்கூடக் காகிதம் என்று விட்டுவிட்டேன். போன வாரம் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அக்கா துணைக்குக் கூப்பிட்டாள் என்று முதல்முறையாகக் கிளினிக்குக்குப் போனேன். பெஞ்சு நிறையக் கர்ப்பிணிகள். நர்ஸ் கதவைத் திறந்து, "சந்திரிகா சுப்பிரமணியம்!" என்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் எழுந்து பழக்கம்தானே. நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். "இது என் தங்கச்சி கங்கா. கொஞ்சம் வெளயாட்டு புத்தி" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே நர்ஸ் அக்காவைத் திட்டுவது வெளியே வரைக்கும் கேட்டது. "பதினேழு வயசுல ஒனக்கு என்ன அவசரம்? படிக்கிற வயசு இல்ல இது?" அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். எனக்கு விழவேண்டிய திட்டு அது என்று தோன்றியது. ஆனால் நான் என்ன செய்தேன் அத்தான்?

வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன், ஆஸ்பத்திரியிலும் என் பெயரில்தானா என்று. ஆமாம் என்றாள். வேலை பார்க்கிறவள் பெயரில் பிள்ளை பிறந்ததாக ஆஸ்பத்திரிக் கடிதம் கொடுத்தால்தான் லீவுச் சம்பளம் வருமாம். அப்படியானால் பிள்ளையின் பிறப்புப் பத்திரமான சூராவில் தகப்பன் பெயர் உங்களுடையது. தாய் பெயர் என்னுடையது. அக்கா பெற்ற பிள்ளைக்கு அக்கா பெரியம்மா. இது அழிகிற எழுத்து இல்லை என்று எனக்குத் தெரியும். ஃபார்ம் ஃபைவ் எஸ்.பி.எம். தேர்வு முடித்து நர்ஸ் வேலைக்கு மனுப் போடவேண்டும் என்று இருக்கிறேன். மனுவில் திருமணமானவரா, பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் என்ன எழுதுவது? அதைச் சொன்னதற்கு உமாபதி அண்ணன், "அப்ப வா, அதுக்கு வேற ஒண்ணு அடிச்சுக்கலாம்" என்கிறாராம்.

இன்னொன்று. எஸ்.பி.எம். தேர்வும் அடுத்த மாதம்தான். மேசையின் மேல் ஐ.சி. வைக்காத யாரையும் தேர்வு எழுத விடமாட்டோம் என்று வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார். என் ஐ.சி. எப்போதும் அக்காவின் கைப்பையில் இருக்கிறது. தேர்வு நாளில் காலையில் கொடுக்கிறேன், சாயங்காலம் திருப்பிக் கொடு என்கிறாள். அன்றைக்கே வலி வந்தால்? "ஒம் பரீட்சையப் பாத்துக்கிட்டா பிள்ள பொறக்கும்?" என்று சிரிக்கிறாள். அப்புறம் அவளே அழுகிறாள். அக்காவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவளுக்கு என் மேல் உயிர்தான். பயம் அவளை அப்படிப் பேசவைக்கிறது.

பள்ளி விடுமுறையில் பத்தாங் பெர்ஜுந்தை பஸ் ஏறி ரப்பர் தோட்டத்துக்குப் போய் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா பால் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஒரே வயித்துல பொறந்ததுங்க. பேர மாத்திக்கிட்டா தேஞ்சா போயிடும்?" என்றார். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒன்னப் பெத்துட்டு, என் மரத்து நெரைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு மண்டோர் சொன்னான்னு, ஒடம்பு தேறாமயே பால்மரம் வெட்டப் போனேன். அவளாவது ரெண்டு மாசம் படுத்து எந்திரிக்கட்டும்டி" என்றார். எனக்காக அம்மா பட்டதை என் முன்னால் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. என் கதையை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. யாரிடம் எந்தப் பெயரில் சொல்வது?

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் வாருங்கள் அத்தான். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் வந்துவிடுங்கள். வேலை போனால் போகட்டும், நீ கங்காவாகவே பெற்றுக்கொள் என்று நீங்கள் நேரில் சொன்னால் அக்கா கேட்பாள். நாளைக்கே வேலையை விட்டுவிட்டால் யாரும் எதையும் நோண்டப் போவதில்லை. கடிதத்தில் எழுதினால் கேட்கமாட்டாள். நான்தான் சொன்னேன் என்றும் தெரிந்துவிடும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், பிள்ளை பிறக்கப் போகிறது என்று கப்பல் பட்டறையில் லீவு கேட்டதற்கு ஃபோர்மேன், "பெக்கப்போறது நீயா, ஒம் பொண்டாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான் என்று. வீட்டில் யாராவது செத்தால்தான் இங்கே லீவு என்றும் எழுதியிருந்தீர்கள். அக்கா அதைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன் அத்தான். அப்படியென்றால் என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மைத்துனி சந்திரிகா இறந்துவிட்டாள் என்று சொல்லுங்கள். வேண்டுமானால் நானே தபால் ஆபீசுக்குப் போய்த் தந்தி அடிக்கிறேன். பயப்பட வேண்டாம், எனக்கு ஒன்றும் வராது, நான் இங்கே பத்திரமாகத்தான் இருக்கிறேன். அந்தப் பெயர் நான் இல்லாமலே வேலைக்குப் போயிற்று, கல்யாணம் செய்துகொண்டது, பிள்ளையும் உண்டாகிவிட்டது. கடைசியாக ஒரு லீவு வாங்கிக் கொடுக்கட்டும். நீங்கள் வந்து அந்தப் பெயரை எனக்குத் திருப்பி வாங்கித் தந்தால் போதும். நான் வேறு எதையும் உங்களிடம் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன்.

ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது போட்டுவிடுவேன். வெயிலில் வேலை செய்கிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் உங்களையும் அக்காவையும், பிறக்கப்போகும் பிள்ளையை அதன் சொந்தத் தாயின் மடியிலும்

அத்தான், வாசலில் வேன் சத்தம். ஷிப்ட் முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறதே.

செல்லன் அண்ணன் குரல்தான். வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்கிறார். கைப்பையும் அவளோடு போயிருக்கும்.

கதவைத் தட்டுகிறார். கங்கா, கங்கா என்று கூப்பிடுகிறார். என்னைத்தான்