ஆஸ்பத்திரி மேடு

மார்ச் 4
ஆஸ்பத்திரி மேட்டில் எங்கள் ஹைட்ரஜன் பேருந்து இன்றும் நின்றுவிட்டது. சோதனை ஓட்டம் என்பதால் பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றியிருந்தோம். பாதி மேட்டில் வேகம் செத்து, நடந்து போகிறவர்களே எங்களைத் தாண்டினார்கள். பின்னால் டீசல் பேருந்தை ஓட்டி வந்தது யார்? என் அண்ணனேதான். எட்டிப் பார்த்து, "என்னம்மா, உன் வெந்நீர்ப் பானைக்கு மூச்சு வாங்குதா?" என்றான். அவன் பயணிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஹைட்ரஜனும் காற்றும் எரிபொருள் மின்கலத்தில் சேர்ந்து மின்சாரம் தருகின்றன. புகை கிடையாது, நீராவிதான். சமதளத்தில் அருமையாக ஓடுகிறது. மேட்டைக் கண்டால் மட்டும் மக்கர்.

மார்ச் 9
மேலாளர் கூப்பிட்டார். "மாசக் கடைசிக்குள்ள அந்த மேட்ட ஏறணும். இல்லன்னா இந்தத் திட்டத்த நிறுத்த வேண்டியதுதாம்மா. ஷெட்ட டீசல் வண்டிங்களுக்குக் கேக்கறாங்க." கத்தியிருந்தால்கூடத் தேவலை. மனிதர் அன்பாகச் சொன்னார்.

மார்ச் 10
யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 15
மின்கலத்துக்குள் தண்ணீர் தேங்கி அடைக்கிறது என்றே எல்லோரும் நினைத்தோம். அதனால் காற்றை இன்னும் வேகமாக ஊதவிட்டோம். இன்று வண்டி நின்றதும் இறங்கிப் போய், நீர் வெளியேறும் குழாயின் கீழே கையை நீட்டினேன். எப்போதும் சொட்டும் இடம் — காய்ந்து கிடந்தது.

தேங்கவில்லை. வறண்டிருக்கிறது. மின்சாரம் பிறக்கும் மெல்லிய சவ்வுக்கு ஈரம் வேண்டும். மேட்டில் நாங்கள் ஊதிய ஊதலில் அது உலர்ந்துபோய்... அடக் கடவுளே. உதவி பண்றேன்னு கழுத்த நெரிச்சிருக்கோமே.

மார்ச் 22
வெளியே போகும் ஈரத்தைப் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் பெட்டியைப் பொருத்தியாயிற்று. ஓட்டத்தான் ஆளில்லை; எங்கள் ஓட்டுநருக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அண்ணனிடம் போனேன்.

"நடு மேட்டுல நின்னா என் மானம் போயிடும்."

"என் மானம் போனா பரவாயில்லையா?"

தன் டீசல் வண்டியின் கதவைச் சாத்தினான். பிறகு, "எத்தன மணிக்கு வரணும்?" என்றான்.

மார்ச் 24
ஏறிவிட்டது.

மார்ச் 25
நேற்று அதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை. மூட்டைகளோடு மேலாளரும் ஏறிக்கொண்டார். வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. வளைவு பின்னால் போனது. மேடும் போனது. ஆஸ்பத்திரி வாசல்.

அண்ணன் திரும்பி, "இன்னொரு வாட்டி ஏத்திப் பாக்கட்டுமா?" என்றான். ஏற்றினான். அதற்கடுத்த முறை, நடு மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி கிளப்பினான். குதித்துக்கொண்டு கிளம்பியது. "பாத்தீங்களா சார்" என்று மேலாளரிடம் சொன்ன தோரணையைப் பார்த்தால், வண்டியைச் செய்ததே இவன்தான் போல. நான் பின்பக்கம் ஓடிப்போய்க் குழாயின் கீழே கை வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷமா இருந்தா அழுகை ஏன் வருது?

செப்டம்பர் 2
இந்த நாட்குறிப்பைத் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று பல்வலி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த வழியில் இப்போது எங்கள் பேருந்துகள்தான். ஏறினால் உட்கார இடமில்லை. மேட்டில் ஏறும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பெண் தன் பாட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தாள், அவள் தோளில் குழந்தை தூங்கியது. இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வழியிலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. நடத்துநர் அதட்டினார்: "நடுவுல நிக்காதீங்கம்மா, உள்ள தள்ளிப் போங்க."

தள்ளிப் போனேன்.