பாலம் வரைக்கும் சொல்லவில்லை

11 ஜூலை 2010, ஞாயிறு

இன்று பூசை முடிந்ததும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் பெயர்களை மரிய அருள் மாமா கேட்டார். அம்மா தன் பெயரைச் சொன்னாள். அடுத்து என் பெயரை.

“புள்ள தாங்குமா புஷ்பம்?” என்று அம்மாவைக் கேட்டார்.

“மாதா காப்பாத்துன புள்ளண்ணே. அவளே நடந்து போயி நன்றி சொல்லட்டும்.”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதும் உள்ளே நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது.

12 ஜூலை

கணக்கு வகுப்பில் மறுபடியும். கூடையில் போட்ட உயிர்மீன் மாதிரி. இரண்டு துடிப்பு, ஒரு குதி, பிறகு ஒன்றுமே இல்லை — அந்த ஒன்றுமே இல்லாத நேரம்தான் பயம்.

25 ஜூலை

எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறேன்? அம்மாவுக்காக என்று இத்தனை நாள் நினைத்தேன். போன வருஷம் சென்னையில் என் இதய வால்வைத் தைத்துச் சரிசெய்தபோது அம்மா ஆபரேஷன் அறை வாசலில் தரையிலேயே கிடந்தாள் என்று அப்பா சொன்னார். அங்கேதான் இந்த வேண்டுதல். இப்போதுதான் அவள் அழாமல் தூங்குகிறாள். மீன் வாங்கப் போனால்கூட, “என் பொண்ணுக்கு நல்லாயிடுச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் விலை கேட்கிறாள்.

ஆனால் அது மட்டும் இல்லை. சொன்னால் மறுபடியும் அறுப்பார்கள். தொண்டையில் குழாயோடு கண் விழித்தேனே, கத்த வந்தது, குரல் இல்லை. அது இன்னொரு தடவை வேண்டாம். எனக்காகவும்தான் மறைக்கிறேன்.

8 ஆகஸ்ட்

நடைக்குப் போட்டுக்கொள்ளும் காவித்துணி தைத்து வந்துவிட்டது. அப்பா மட்டும் கேட்டார்: “செப்டம்பர்ல செக்கப் இருக்குல்ல? டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு நடக்கட்டுமே.”

“இவுங்க ஒருத்தரு. அவளையே கேளுங்களேன், எப்பிடி இருக்கான்னு” என்றாள் அம்மா.

அப்பா என் முகத்தையே பார்த்தார்.

“நல்லாருக்கேன்பா” என்றேன்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எங்கள் வீட்டில் மாடி இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

22 ஆகஸ்ட்

நாளை. மாதாவே, அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் மட்டும்.

23 ஆகஸ்ட், பெரியப்பட்டு

பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருக்கிறோம். கால் வலி என்று எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்குக் கால் வலிக்கவே இல்லை. நெஞ்சுதான்.

வழியெல்லாம் நான்தான் கடைசி. எங்களோடு நடக்கிற ஜான்சி அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்து, “என்னாடி, பொண்ணு பாக்க வந்தாப்பல அன்னநட நடக்கற? மாப்ள வேளாங்கண்ணியிலதான் நிக்கிறான், வெரசா வா!” என்றாள். அம்மாவும் சிரித்தாள்.

26 ஆகஸ்ட், சிதம்பரம், ஆஸ்பத்திரி

எழுத முடிகிற அளவுக்கு இன்றுதான் மூச்சு வந்திருக்கிறது.

முந்தாநாள் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது முன்னால் போன, மாதா சிலை வைத்த வண்டி இரண்டாகத் தெரிந்தது. கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். “தண்ணி குடி, மெதுவாப் போலாம்” என்றாள் அம்மா. தண்ணீர் உள்ளே போகவில்லை.

“அம்மா, என்னால முடியல. நெஞ்சு கண்டபடி அடிக்குது. ரொம்ப நாளா அடிக்குதும்மா.”

அம்மா என் நெஞ்சில் கை வைத்தாள். எடுக்கவே இல்லை. அப்படியே தலையை மட்டும் திருப்பிக் கத்தினாள்: “அண்ணே, நீங்கள்லாம் போங்க!”

மரிய அருள் மாமா ஓடி வந்தார். “வேண்டுதல் பாதியில நிக்குதே, புஷ்பம்?”

“அவளும் புள்ள பெத்தவதான். நான் பேசிக்கிறேன். மொதல்ல ஒரு வண்டிய நிறுத்துங்க.”

இங்கே டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். தைத்த வால்வு சரியாக மூடவில்லை. ரத்தம் மேல் அறைக்கே திரும்பிக் கசிகிறது. அந்த அறை வீங்கிப்போனதால்தான் துடிப்பு ஒழுங்கு தவறிவிட்டது. “நடந்ததால வந்தது இல்லம்மா இது” என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னிடம், “எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”

“ஜூன்லேர்ந்து.”

டாக்டரம்மா போன பிறகு அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஒரே பாயிலதானடி படுக்கிறோம்.”

திட்டியிருக்கலாம்.

28 ஆகஸ்ட்

அப்பா வந்துவிட்டார். திங்கட்கிழமை கரண்டு வைத்துத் துடிப்பைச் சரிசெய்வார்களாம். அதற்கு முன்னால் உள்ளே ரத்தக்கட்டி இல்லை என்று தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். குழாய் என்றதும் அழுதுவிட்டேன். “மயக்கம் குடுத்துதான் செய்வோம், இது கொஞ்ச நேரம்தான்” என்றார் டாக்டரம்மா. கரண்டு வைத்து நின்றுபோய்விட்டால்? மறுபடி அடிக்காவிட்டால்? அப்பாவிடம் கேட்டேன்.

“கேட்டுட்டேம்மா. நானும் அதத்தான் மொதல்ல கேட்டேன்” என்றார். என்ன சொன்னாங்கப்பா என்றதும், “பக்கத்துலயே டாக்டருங்க நிப்பாங்களாம்” என்றார்.

30 ஆகஸ்ட்

ஆயிற்று. கட்டி இல்லை. தூங்கியதும் தெரியவில்லை, எழுந்ததும் புரியவில்லை. நெஞ்சில் தோல் எரிகிறது. உள்ளே ஒரே சீர். இவ்வளவு அமைதியாகவா இருக்கும்?

19 செப்டம்பர், கடலூர்

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்புக்கு ஒன்று. கசிவு அப்படியேதான் இருக்கிறது. கூடினால் மறுபடி ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடாவிட்டால் பார்த்துக்கொள்ளலாமாம். கூடுமா கூடாதா என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

கோயிலில் ஒருத்தி அம்மாவிடம், “பாதியிலயே திரும்பிட்டீங்களாமே?” என்றாள்.

“ஆமா. பொண்ணுக்கு முடியல” என்றாள் அம்மா.

17 அக்டோபர்

சாப்பிடும்போது வந்தது. அதே குதி. வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் சொல்லிவிட்டேன்: “அம்மா, மறுபடியும்.”

“எப்பலேர்ந்து?”

“இப்பதான்.”

“இப்பதானா?”

“மாதா மேல சத்தியமா இப்பதாம்மா.”

“சரி. தட்டுலயே கையக் கழுவு.”

அப்பா ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி என் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வலது கை சும்மா இருந்தது. எழுதுகிறேன்.