துவைக்காமல் விட்ட கோட்டு

வாய்ராபம்பா,
அக்டோபர் 9, 1997

என் மகன் வில்பருக்கு,

ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். உன் அம்மா நிக்கனோரா எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. சதுக்கத்துக் கடை போனில் பேசலாம் என்றால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் காதைக் கொடுக்கிறார்கள். நீயும் "நல்லா இருக்கியாம்மா" என்கிறாய், நானும் "நல்லா இருக்கேன்யா" என்கிறேன், வைத்துவிடுகிறோம். நான் நல்லா இல்லை.

உன் அப்பா செத்து ஏழு வாரம் ஆகிறது. அவர் இன்னும் போகவில்லை.

ஐந்தாம் நாள் அவர் துணிகளைத் துவைக்க எல்லோரும் ஆற்றுக்குப் போனோம். உன் ஞானத்தகப்பன் எர்மோகெனெஸ்தான் முன்னால் நின்று நடத்தினார். கால்சட்டை, கம்பளிப் போர்வை, இடுப்புக் கச்சை, காவல் உடுப்பு எல்லாவற்றையும் கல்லில் அடித்துப் புல்லில் விரித்தோம். எர்மோகெனெஸ் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, செலெதோனியோவோட பழுப்புக் கோட்டு எங்கம்மா?" என்று கேட்டார். "லீமாவுல, எம் மகன்கிட்ட" என்றேன். உன் அத்தை பசிலியா சும்மா இருப்பாளா? "அப்பன் சாவுக்கு வராதவன் கோட்டை மட்டும் பத்திரமா வச்சிருக்கானாக்கும்" என்றாள். கையில் இருந்த ஈரக் கால்சட்டையாலேயே அவளை ஒன்று போட்டிருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி, அவர் போகிற தடம் பார்க்க, வாசலில் சாம்பலைச் சலித்துத் தூவினோம். காலையில் பார்த்தால் தடம் இருந்தது. வெளியே பார்த்திருக்க வேண்டிய விரல் வீட்டுக்குள்ளே பார்த்திருந்தது. எர்மோகெனெஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "ஒரு துணி துவைக்காம கிடந்தா ஆளு எப்படிப் போவான்? தேடிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கான்" என்றார். பசிலியா நாய்த் தடம் என்று சொல்கிறாள். நாயை அன்றைக்கு அவள் வீட்டில்தானே கட்டியிருந்தோம்.

அன்று முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கிழங்கு உரிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் கோவில் சுவர் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புகிறேன். அப்பா இருந்தபோது மேலே இன்கா காலத்துப் படிக்கட்டு வயல் பக்கம் அவர் காவல் விசில் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது காவலுக்கு வந்திருக்கிற கிரிமால்தோ ஊதுவதே இல்லை, நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுகிறான். குஸ்கோ பஸ்ஸில் வருகிறவர்கள் இன்கா சுவர் மேல் ஆடு மாதிரி ஏறுகிறார்கள். நேற்று ஒருத்தன் மாடம் வைத்த பெரிய சுவரில் நின்று கையை விரித்துக்கொண்டிருந்தான். அடுப்பில் சூப்பை விட்டுவிட்டு ஓடினேன். "இறங்குய்யா கீழே! உன் வீட்டுச் சுவர்ல இப்படித்தான் ஏறுவியா?" என்று நம் மொழியில் கத்தினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, இறங்கி வந்து என்னைப் படம் எடுத்துக்கொண்டு கையில் ஒரு மிட்டாயும் கொடுத்தான். "அக்கா, அந்தக் காவல் உடுப்பை உனக்கே குடுத்துடச் சொல்றேன்" என்று கிரிமால்தோ சிரித்தான். வீட்டுக்கு வந்தால் சூப்பு அடிப்பிடித்துவிட்டது.

நம் வீட்டு முன்னாலும் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கீழ்ப்பாதி இன்கா கல், மேல்பாதி ஸ்பானியர் வைத்த சுடாத மண்செங்கல் என்று வழிகாட்டி காட்டுகிறான். வாசலோரம் நீ உடைத்த கல்லைப் பற்றி யாராவது கேட்டால், பூகம்பம் என்று சொல்லிவிடுகிறான். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், வாயைத் திறப்பதில்லை.

அந்தக் கல்லைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். போன வாரம் தொல்பொருள் ஆபீசிலிருந்து இரண்டு பேர் அப்பாவின் விசிலையும் உடுப்பையும் வாங்கிக்கொள்ள வந்தார்கள். அவர் பெயர் போட்ட காகிதக் கட்டு ஒன்று வைத்திருந்தார்கள். சுவர் விஷயம் எழுதின தாளை வாசிக்கச் சொன்னேன். கூட வந்த பெண் வாசித்தாள். தங்கும் விடுதி நடத்துவதற்காக வாசலை அகலமாக்கக் கல்லை உடைத்தவர் செலெதோனியோ வாமான், அவரே வந்து ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. இன்னொரு தரம் வாசி என்றேன். "அம்மா, இதுல வேற பேரே இல்லம்மா" என்றாள்.

சதுக்கத்தில் ஊர் முழுக்க நிற்க, பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவன் என்று நீ அவரைச் சொன்னாயே. அவர் ஆபீசில் போய்ச் சொன்னது உண்மைதான். என்ன சொன்னார் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அவரை உச்சிப் படிக்குக் காவலுக்கு அனுப்பினார்கள், காற்று ஆளை அறுக்கிற இடம். அது தண்டனை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நீ கிளம்பின அன்றைக்குக் காலையில் நான்தான் ஆணியில் தொங்கின கோட்டை எடுத்து உன் தோளில் போட்டேன். அவர் அடுப்பருகில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு கோட்டு அவர் வாங்கவும் இல்லை. அந்தக் குளிர்தான் நெஞ்சைப் பிடித்தது என்று பசிலியா சொல்லித் திரிவாள், உன் காதுக்கும் வரும். அதை நம்பாதே. அவருக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. செத்தவர்கள் முதல் தேதி மத்தியானம் வந்து மறுநாள் மத்தியானம் போவார்கள். எல்லா வீட்டிலும் குழந்தை உருவத்தில் ரொட்டி சுட மாவு சொல்லிவிட்டார்கள். நான் என்ன செய்ய? போகாதவர் எப்படி வருவார்? வாசலிலேயே நிற்கிறவருக்கு யாராவது படையல் மேசை போடுவார்களா?

இன்னொன்று. இதை எர்மோகெனெஸிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆற்றில், "தொப்பி எங்க?" என்றும் கேட்டார். "சவப்பெட்டியோட போயிடுச்சுண்ணே" என்றேன். போகவில்லை. காதை மூடுகிற அவருடைய கம்பளித் தொப்பியை முந்தின நாளே உருளைக்கிழங்குக் குவியலுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். அவர் தலை வாசனை அதில்தான் இருக்கிறது. கோட்டுக்காக எல்லோரும் உன்னை ஏசினபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் தேடுகிறது உன் கோட்டையா என் தொப்பியையா, எனக்குத் தெரியாது மகனே. இரண்டு தரம் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். தண்ணீரைத் தொடாமலே திரும்பி வந்தேன். தனியாக என்னால் முடியாது.

கோட்டைப் பார்சலில் போட்டுவிடாதே. அங்கே துவைத்தும்விடாதே. பஸ்ஸில் குளிரும், போட்டுக்கொண்டே வா. திருநாளுக்கு ஒரு நாள் முன்னால் வந்தாலும் போதும். இரண்டையும் சேர்த்து ஆற்றில் போடுவோம். நீ அடி, நான் பிழிகிறேன். காய்கிறவரைக்கும் கரையில் உட்கார்ந்திருப்போம். பசிலியாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கன்னி மாதா உன்னை வழியெல்லாம் கைபிடித்துக் கூட்டி வரட்டும். வாசல் நீ விட்டுப்போன அகலத்தில்தான் இருக்கிறது. நீ வரவும் அவர் போகவும் அது போதும்.

உன்னைப் பெற்றவள்,
நிக்கனோரா