வடக்கே ஒரு கோடை

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முட்டி வலி தேவலையா? இது யாரிடமும் சொல்லி எழுதவைத்ததல்ல, என் கையெழுத்தேதான். மெதுவாகப் படி, நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

நான் தேநீர் போடும் அலுவலகத்தில் கணினி விளையாட்டுக்காகப் பழங்காலத்து ராஜ்ஜியம் ஒன்றையே உண்டாக்குகிறார்கள். ஆடுகிறவர் மந்திரியாக இருந்து அதைக் காப்பாற்ற வேண்டுமாம். இல்லாத ஆற்றுக்குப் பாலம், பிறக்காத ராஜாவுக்குப் பங்காளிச் சண்டை. கடவுளுக்கே இவ்வளவு பொறுமை இருந்திருக்குமா தெரியவில்லை.

வரைபடம் போடும் பெண் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, கல்வெட்டு மாதிரியே இருக்கு. ஊர்ப் பேரெல்லாம் நீங்களே எழுதுங்க" என்றாள். பெருமையில் "வடக்குக் கோட்டை"யை "வடக்குக் கோடை" என்று எழுதிவிட்டேன். "புள்ளி எழுத்த முழுங்காதீங்க" என்று முதியோர் கல்வி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து நீ குட்டுவாயே, அதே தப்பு. இனி அடுப்போடு நிறுத்திவிடுவார்கள் என்று அவசரமாக அழிக்கப் போனேன்.

அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். "அழிக்காதீங்க தாத்தா. நாடு முழுக்கப் பனி, அங்க மட்டும் வெயில். எல்லா ராஜாவும் அந்த ஊருக்குத்தான் அடிச்சுக்கப் போறாங்க." மற்ற ஊர்களையும் என்னையே எழுதச் சொல்லிவிட்டாள். எப்பேர்ப்பட்ட மூளை, பார்.

இங்கே குளிர்தான். என் கம்பளிக் குல்லாவை அனுப்பு. குல்லாவுக்குள் உன் கையால் நாலு வரி எழுதி வை.

பால் பொங்குகிறது. அந்தப் பெண்ணிடம் வடக்குக் கோடையில் ஒரு வீடு கேட்டிருக்கிறேன், இரண்டு பேருக்கு.

உன் வீட்டுக்காரன்