வல்லூறு வெருளாத சிவப்பு

தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன், விரல்களெல்லாம் சிவப்பு. பெட்டி இழைக்கப் பனையோலைக்கு ஏற்றுவீரே, அதே சாயம்தான். தகரப் பேணியின் அடியில் கொஞ்சம் கிடந்தது; கரைத்துக் கோழிக்குஞ்சுகளுக்குப் பூசிவிட்டேன். இதை யாருக்குச் சொல்ல, உமக்குத்தான் சொல்லவேண்டும். சரியான களைப்பு, மெல்லமாகத்தான் சொல்லுவேன்.

எங்கள் வேலிப் பூவரசில் இருக்கிற வல்லூறு நினைவிருக்கிறதா? புறாவைவிடப் பெரிதில்லை. நெஞ்சில் வரிவரியாக, கண் மட்டும் தணல். பருந்து மாதிரி மேலே வட்டமிட்டுத் தன்னைக் காட்டாது. இலைக்குள் ஒளித்திருந்து, தாழப் பறந்து வந்து அள்ளிக்கொண்டு போகும். ஓணான், அணில், குருவி, எது அகப்பட்டாலும் சரி. வேம்பில் சுள்ளிக்கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டால் எங்கள் முற்றம்தான் அதற்குச் சந்தை.

"சிவப்பைக் கண்டால் வெருளுமெண்டு சொல்லுகினம்" என்று நீர் முதன்முதல் குஞ்சுகளுக்குச் சாயம் பூசிய அன்று, அயலெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. மத்தியானம் வல்லூறு வந்து, நல்ல சிவப்பாயிருந்த ஒன்றையே தூக்கிக்கொண்டு போனது. "தேடுற வேலையை மிச்சம் பிடிச்சுக் குடுத்திட்டீர்!" என்றேன். நீர் மற்றக் குஞ்சுகளைப் பிடித்துக் கூடையால் மூடினீர். இரவு சோறு போடும்போதுதான், "அதுக்கும் குஞ்சு இருக்குத்தான். ஆனால் நான் பாத்துக்கொண்டு சும்மா இருந்தன் எண்டு இருக்கக்கூடாதப்பா" என்றீர். அதன் பிறகும் ஒவ்வொரு பொரிப்புக்கும் பூசினீர்.

இப்போது கனடாவிலிருந்து எங்கள் மகளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே பாட்டு. "அப்பா, உந்தக் கோழியளை ஆருக்கும் குடுத்திட்டு இஞ்சை வாங்கோ." முழங்கால் கைவிட்டுவிட்டது, எனக்கு நானே சமைத்து அலுத்தும்விட்டது. சரி, போய்த் தொலைவோம் என்று ஓம்பட்டேன். உம்முடைய கோழிகளில் மிஞ்சிய ஒரு பேட்டுக்கோழியையும் அதன் குஞ்சுகளையும் பக்கத்து வளவுத் தம்பி இன்று கொண்டுபோவதாகப் பேச்சு.

காலையில் அணில் கத்தியது. கத்திய விதத்திலேயே தெரிந்தது. ஈர்க்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. பேடு செட்டையை விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டு நின்றது. வல்லூறு வேலியோரம் ஓர் ஓணானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மூச்சு வாங்க நின்றுவிட்டு, உள்ளே போய்ச் சாயப் பேணியைத் தேடினேன். பின்னேரம் போகப்போகிற குஞ்சுகளுக்கு ஏனென்று கேளாதையும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பி ஓலைக் கடகத்தோடு வந்தான். குஞ்சுகளைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணை, உதுக்கு வல்லூறு வெருளாதெல்லோ?"

"ஓம், வெருளாது."

"பிறகேன் பூசினனீங்கள்?"

உம்மைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்கள் அன்று சொன்னார்கள், எவ்வளவு தேய்த்தும் விரலிடுக்குச் சிவப்புப் போகவில்லையாம். அப்படியே கொண்டுபோனீர். அது நினைவு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவன் பயந்துபோனான். வெறுங்கடகத்தோடு அனுப்பிவிட்டேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை, ஏசுவாள்.

கிணற்றடிக்குப் போனேன். கை கழுவாமலே திரும்பி வந்துவிட்டேன்.