யானைகள் உள்ள கசெற்

குதைபியா, பஹ்ரைன்
12.10.1986

இஞ்சாருங்கோ,

பாலம் கட்டும் வேலைக்குப் போன சாம்பியாவிலிருந்து நீங்கள் பேசி அனுப்பிய கசெற் வந்து ஒரு மாதமாகிறது. வழக்கம்போல அதன் மேலேயே பிள்ளையின் குரலைப் பதிந்து திருப்பி அனுப்பச் சொன்னீர்கள்.

அதைக் கேட்டுத்தான் அவள் தூங்குகிறாள். லுவாங்வா ஆற்றில் நீர்யானைகள் உறுமும்போது எங்கள் அறையே மெல்ல நனைவதுபோல இருக்கிறது. ஏசியின் இரைச்சல் நாணல் காற்றாகிவிடுகிறது. வரிக்குதிரைகள் கட்டிலைச் சுற்றி மேய்கின்றன. நீங்கள் இரகசியமாக, "சத்தம் போடாதை குஞ்சு, யானை தண்ணி குடிக்குது" என்கிறீர்கள். உடனே அவள் என் வாயைப் பொத்துகிறாள். சிங்கத்தின் கர்ச்சனை வரும் இடத்தில் மட்டும் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். நீங்கள் படுப்பது வெறும் கூடாரத்தில்தானே.

லீவு பற்றி அதில் ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

புதுக் கசெற் வாங்கி, "அப்பாவோடை கதையுங்கோ" என்றேன். "இதுக்குள்ளை அப்பா இல்லையே" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு சிவகொழுந்து அக்கா, "பழசிலையே பதிஞ்சு அனுப்பும், அந்த மனிசன் ஏங்கிப்போயிருக்கும்" என்றார். இன்று பதியும் பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தியிருந்தால் உங்கள் குரல் அழிந்திருக்கும். மூன்று வயதுக்காரிக்கு உங்கள் முகம் நினைவில்லை. அந்தக் குரல்தான் அப்பா.

இனி யாரும் பதிய முடியாதபடி, கசெற்றின் விளிம்பிலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் கத்தியால் உடைத்துவிட்டேன். கோபிக்காதீர்கள். அவளுடைய குரல் தபாலில் வராது. நீங்கள்தான் வந்து கேட்க வேண்டும்.

உங்கள் பிள்ளையின் அம்மா