சத்தி என்று கூப்பிடுகிறார்கள்

மைசூரு
12.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புவனா எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் அத்தையிடம், பேசினால் ஸ்பீக்கரில்தான். அதனால் உங்கள் பூ வண்டி ஓட்டும் கிருபாசங்கரிடம் இதைக் கொடுக்கிறேன்.

நம் சத்தியமங்கலத்தைத்தான் எனக்குப் பெயராக்கிவிட்டார்கள். கன்னடத்தில் "சத்தி, காபி", "சத்தி, பாத்திரம்" என்று நாளெல்லாம் ஏவல். தெருமுனைப் பூக்காரிக்குச் சத்தி என்றால் நீங்கள் அனுப்பும் மல்லிகை. நான் ஊருக்குப் போகிறேன் என்றால் மட்டும் அத்தைக்கு அது காடாகிவிடும். புலி இருக்கிறதாம், யானை மறிக்குமாம். தீக்ஷா பிறந்த பிறகு ஒருமுறைகூட விடவில்லை.

அடுத்த மாதம் அவளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேண்டாமாம், நாத்தனார் மகன் மடி போதுமாம். அண்ணா, வந்து எங்களைக் கூட்டிப் போங்கள்.

தங்கை
புவனா


சத்தியமங்கலம்
20.2.2025

அன்புத் தங்கை புவனாவுக்கு,

கடிதம் கண்டு மனசு கலங்கிப்போனது. ஆனால் இது முகூர்த்த மாதம், பூ மார்க்கெட்டை விட்டு நகர முடியவில்லை. உன் அண்ணியும், "அம்மணி கொஞ்சம் அனுசரிச்சுப் போகட்டுங்க, நாலு பேரு கேட்டா என்னங்க சொல்றது?" என்கிறாள்.

நீ எழுதியதை மாப்பிள்ளையிடம் போனில் பக்குவமாய்ச் சொல்லியிருக்கிறேன். இனிப் பார்த்துக்கொள்வார். குழந்தைக்குக் கம்மல் கொடுத்தனுப்புகிறேன். கண் கலங்காதே.

அண்ணன்
சுரேந்தர்


மைசூரு
4.3.2025

அண்ணா,

உங்கள் பக்குவத்தால் இப்போது கேட்டுக்குப் பூட்டு. இதைப் பூக்காரிதான் ஜன்னல் வழியே வாங்கிப் போகிறாள். உங்கள் மேல் கோபம்தான், மறைக்க மாட்டேன். ஆனாலும் கம்மலைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காது குத்து. விருந்தாளிகள் வருவதால் அன்று கேட் திறந்திருக்கும். பூக்காரி ஆட்டோவோடு நிற்கிறேன் என்றிருக்கிறாள். காது குத்தும் முன்பே தீக்ஷாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

"சத்திக்குப் போலாம் கண்ணு" என்று தீக்ஷா காதில் சொன்னேன். "சத்தி இங்கதானே இருக்குது" என்று என் கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். அவளுக்கு அது அம்மாவின் பெயர். அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

சாயங்காலம் சத்தி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். அவளுக்கு மடி தருவீர்களா, மாட்டீர்களா, அதை மட்டும் அங்கே சொல்லுங்கள்.

மாட்டேன் என்றாலும் நான் பஸ் ஏறித் திரும்ப மாட்டேன்.

புவனா